மகட்போக்கிய தாயின் கூற்று: வாழ்த்தும் வசையும் ஐயமும் தேற்றமும்

1. நோக்கம்

தான் விரும்பியவனோடு மகள் இல்லத்தாரறியாமல் ஊரை விட்டு நீங்குதல் அகப்பொருள் மரபில் உடன்போக்கு எனப்படும். அவள் நீங்கிய பின் வீட்டில் எஞ்சிய தாய் பேசும் பேச்சு, பாலைத்திணையில் தனித்ததொரு பொருளாக வளர்ந்துள்ளது. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு, கலித்தொகை ஆகிய தொகைகளில் இத்தகைய கூற்றுகள் ஆங்காங்கே வருகின்றன. ஐங்குறுநூற்றில் மட்டும் இவை ஒருசேரத் தொகுக்கப்பட்டு, 'மகட்போக்கியவழித் தாயிரங்கு பத்து' (371–380) என்னும் பெயருடன் நிற்கின்றன. பாலைக்குரிய நூறு பாடல்களையும் பாடிய ஓதலாந்தையாரே இப்பத்தினையும் பாடியவர்.

இப்பாடல்களைப் பற்றிய கருத்துகள் பெரும்பாலும் இரண்டனுள் அடங்கும். ஒன்று, தாயைக் காதலுக்குத் தடையாக நிற்கும் காவலின் உருவமாகக் காண்பது. மற்றொன்று, அவளை மகளைப் பிரிந்து வாடும் மென்மையின் உருவமாக மட்டும் காண்பது. முதற்கருத்து களவுக்காலப் பாடல்களையும் இரண்டாவது உடன்போக்குப் பாடல்களையும் சான்றாகக் கொள்கின்றன. ஒரே தாயிடம் சினமும் இரக்கமும் எவ்வாறு உடன் நிற்கின்றன என்னும் வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை. தாயின் மனநிலையைப் பாடலின் பொருள் கொண்டு மட்டுமன்றி, அப்பாடலின் வினைவடிவம், இடைச்சொல், தொடரமைப்பு ஆகியவை கொண்டும் அறிய முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். பொருளைப் பெயர்த்து வடிவத்தைக் கைவிடும் மொழிபெயர்ப்பில் இத்தாயின் மனம் பாதியே சென்று சேரும் என்பது இங்கு நிறுவப்படுகிறது.

2. பேசும் உரிமையும் பேசாமையும்

அகப்பாடலில் யார் பேசலாம் என்பதற்கு வரையறை உண்டு. ஊரார், அயலார், சேரியோர் முதலியோருடன் தந்தையையும் தமையனையும் சேர்த்துக் கூறும் தொல்காப்பியச் செய்யுளியல், இவர்களது பேச்சு பிறரால் எடுத்து மொழியப்படுமே அன்றி இவர்களுக்கு நேர்க்கூற்று இல்லை என வரையறுக்கிறது. ஆகவே, மகளின் காதலை ஏற்காத பெற்றோரின் உணர்வு என்னும் பொருள், அகமரபில் தாயின் உணர்வாகவே கிடைக்கிறது. தந்தையின் உணர்வு முழுவதும் பிறர் கூற்றின் வழியே வருகிறது.

இந்த மௌனத்தைத் தந்தைக்கு உணர்வே இல்லை என்று கொள்ளலாகாது. கலித்தொகை 39ஆம் பாடலில், மகளின் காதல் தந்தைக்கும் தமையன்மாருக்கும் அறிவிக்கப்பட்டபோது நிகழ்ந்ததைத் தோழி உரைக்கிறாள். அவர்கள் அம்பையும் வில்லையும் நோக்கினர், கண் சிவந்தனர், ஒரு பகல் முழுதும் கொதித்தனர், பின் ஆறினர், இருவரிடத்தும் குற்றமில்லை என்று கண்டு, கலங்கித் தலை சாய்த்தனர். வில்லுக்கும் தலை சாய்த்தலுக்கும் இடையில் ஒரு பகல் கழிகிறது. அப்பகலில் அவர்கள் பேசிக்கொண்டது என்ன என்பதைப் பாடல் கூறவில்லை. மரபு அதற்கு இடந்தருவதும் இல்லை.

தாயின் நிலை இதனின் வேறானது. ஆயினும் தாயின் உணர்வுகளிலும் ஒரு பகுதி, தந்தையின் சினத்தைப் போலவே, பிறர் வாய்மொழியாகவே வருகிறது. உலோச்சனார் பாடிய நற்றிணை 149இல், தெருவிலுள்ள பெண்டிர் கடைக்கண்ணால் நோக்கி, மூக்கின்மேல் விரல் வைத்துப் பழிதூற்ற, அது கேட்ட தாய் சிறுகோலால் மகளை அலைக்கிறாள். இதனைக் கூறுபவள் தோழி. இவ்வாறு தாய் அடித்ததையும், இல்லத்தில் அடைத்துக் காத்ததையும், உறங்காது விழித்திருந்ததையும் தலைவியும் தோழியுமே மிகுதியாகக் கூறுகின்றனர். அவர்கள் கூறுவதற்கு ஒரு பயனும் உண்டு. தலைவனை விரைவில் வரைவுக்கோ உடன்போக்குக்கோ உடன்படச் செய்வதற்கு, தாயின் கடுமை ஒரு காரணமாகக் காட்டப்படுகிறது. எனவே, களவுக்காலத் தாயின் சினம் நமக்குக் கிடைப்பது, அச்சினத்தால் பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலமாகவே ஆகும். கோலெடுத்த அன்னை அப்போது என்ன நினைத்தாள் என்பதை அவளே கூறக் கேட்கும் வாய்ப்பு, மகள் நீங்கிய பின்னரே மிகுதியும் கிடைக்கிறது.

பாடலின் துறைக்குறிப்பு மொழிபெயர்ப்பாளருக்கு இன்றியமையாதது என்பதும் இதனால் விளங்கும். ஏ. கே. இராமானுசன் 1967இல் வெளியிட்ட குறுந்தொகைத் தேர்வின் ஆங்கில மொழிபெயர்ப்பில், கூற்றுக்குரியவரையே பாடலின் தலைப்பாக அமைத்தார். யார் சொல்லியது என்பது தெரியாதவிடத்து, எடுத்து மொழியப்பட்ட சினமும் தானே மொழிந்த இரக்கமும் ஒருவருடைய முரண்பட்ட குணங்களாகத் தோன்றிவிடும்.

3. வியங்கோளின் இருமுகம்

தாயிரங்கு பத்தின் முதற்பாடல் (371) ஒரு வாழ்த்து. மகள் சென்ற சுரத்தில் மழை பெய்க, வழி இனிதாகுக என்று தாய் விழைகிறாள். அம்மகளை, இதுவே அறநெறி எனத் தெளிந்தவள் என்றும் அவளே குறிப்பிடுகிறாள். மகளின் செயல் அறத்தோடு பட்டது என்பதைத் தாய் தன் முதற்கூற்றிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறாள் என்பது கருதத்தக்கது.

மூன்றாம் பாடல் (373) ஒரு வசை. தன் மகளைக் கொடிய சுரத்தில் அழைத்துச் சென்ற இளைஞனின் தாய், தன்னைப் போலவே நினைக்குந்தோறும் அழும் துன்பத்தை எய்துக என்கிறாள். அச்சுரத்தின் வருணனையும் பொருளோடு பொருந்தியது. புலியின் பிடியிலிருந்து தப்பிய முதிய கலைமான் தன் பிணையைக் குரலெழுப்பி அழைக்கிறது. விலங்கும் தன் துணையைக் கூவியழைக்கும் இடத்தில் தன் மகள் இருக்க, தான் கூவினாலும் கேளாத தொலைவில் இருக்கிறாள் என்பது உள்ளுறையாகக் கொள்ளத்தக்கது.

ஆறாம் பாடலும் (376) வசையே. நாள்தோறும் அழும் தன்னைவிடக் காட்டுத்தீயில் பட்டதுபோல் வேகுக என்று, இருவரையும் கூட்டுவித்த அறமற்ற ஊழினைத் தாய் சபிக்கிறாள்.

இம்மூன்று பாடல்களின் முதன்மை வினையும் வியங்கோள் வடிவினது. க, ய, ர் என்னும் ஈறுகளால் வியங்கோள் அமையும் என்றும், அது மூவிடத்தும் ஐம்பாலிலும் இயலும் என்றும் நன்னூல் கூறும். 371இலும் 373இலும் வருவது ககர ஈறு. 376இல் வருவது 'இயர்' என முடியும் வடிவம். வாழ்த்துக்கும் வசைக்கும் மொழியில் தனித்தனி வடிவங்கள் இல்லை. வேறுபாட்டைத் தருவது, முதற்பாடலில் வியங்கோளோடு சேரும் 'தில்ல' என்னும் விழைவுப் பொருளுடைய இடைச்சொல்லும், வினை எதனை எழுவாயாகக் கொள்கிறது என்பதுமே ஆகும்.

எழுவாயை நோக்கினால் இப்பத்தின் முதன்மையான செய்தி வெளிப்படும். 371இல் வாழ்த்தப்படுவது சுரம். 373இல் சபிக்கப்படுபவள் இளைஞனின் தாய். 376இல் சபிக்கப்படுவது ஊழ். மூன்றிலும் மகள் வியங்கோளின் எழுவாயாக வரவில்லை. முதற்பாடலில் 'மகள் போகிய சுரம்' என்றும், மூன்றாவதில் 'மகளை உய்த்தவனின் தாய்' என்றும், ஆறாவதில் 'மகளைப் போக்கிய ஊழ்' என்றும், அவள் பெயரெச்சத் தொடருக்குள் அடங்கிய ஒருத்தியாகவே வருகிறாள். தாயின் வாழ்த்து அவள் நடக்கும் வழிக்குச் செல்கிறது. வசையோ அவளைச் சூழ்ந்தோர்மீது செல்கிறது. மகளைத் தொடும் இடத்தில் வசை நின்றுவிடுகிறது. தாயின் சினம் அழிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள இயலாது. சினம் இருக்கிறது, அது மகளைத் தவிர்த்து ஏனையோரைத் தேடிச் செல்கிறது.

மொழிபெயர்ப்பில் இவ்வமைப்பு எளிதில் குலையும். ஆங்கிலம் போன்ற மொழிகளில் பெயரெச்சத் தொடர் பெயருக்குப் பின் வருவதால், நீண்ட அடைகளைத் தனித்தொடராகப் பிரிப்பது வழக்கம். அவ்வாறு பிரிக்கும்போது, மகள் முதன்மைத் தொடரின் எழுவாயாகிவிடுகிறாள். தாய் மகளைப் பற்றி நேரே தீர்ப்புக் கூறுவதுபோன்ற தோற்றம் உண்டாகிறது. இக்காலத் தமிழிலும் இடர் உண்டு. வியங்கோளுக்கு ஈடாக இன்று வழங்கும் 'அட்டும்' வடிவம், விழைவையும் இசைவையும் ஒருங்கே குறிக்கும். 'போகட்டும்' என்பதில் வாழ்த்தைவிடக் கைவிடுதலே மிகுதியாக ஒலிக்கிறது. பழைய வடிவத்தைப் புதிய வடிவமாக மாற்றும் உரையாசிரியரும் ஒருவகையில் மொழிபெயர்ப்பாளரே ஆதலின், இங்கு அவருக்கும் எச்சரிக்கை வேண்டும்.

4. கொல், மன், மன்ற

தொல்காப்பிய இடையியல் 'கொல்' என்பதற்கு ஐயப் பொருளையும், 'மன்ற' என்பதற்குத் தேற்றப் பொருளையும், 'மன்' என்பதற்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை ஆகிய பொருள்களையும் கூறும். இம்மூன்று சொற்களின் வருகைமுறையே மகட்போக்கிய தாயின் மனப்போக்கைக் காட்டும் கோடாக அமைகிறது.

372ஆம் பாடலில் தாய் கேட்கும் வினா, மகள் என்னையும் நினைத்தாளோ என்பது. இங்கு 'கொல்' வருகிறது. ஊரில் அலர் எழுந்ததும், மகள் பல குன்றங்களைக் கடந்ததும் அதே பாடலில் கூறப்பட்டாலும், அவை அடைமொழிகளாக ஒதுங்கி நிற்கின்றன. முதன்மைத் தொடர் வினவுவது ஒன்றையே: புறப்பட்ட நேரத்தில் தான் அவள் நினைவில் இருந்தோமா என்பது. ஊர்ப்பழி பெரிதா, நினைக்கப்படாமை பெரிதா என்னும் கேள்விக்குத் தொடரமைப்பே விடை தருகிறது.

377இல் 'மன்ற' வருகிறது. நீர்வேட்கையால் வருந்திய யானை தூம்பின் ஒலிபோல் பெருமூச்செறியும் வழியில் மகள் சென்றுவிட்டாள் என்பது இப்போது உறுதி. அதற்குச் சான்று, அவள் விட்டுச்சென்ற பந்தும் பாவையும் கழங்கும். உடன் எடுத்துச் செல்லப்படாத விளையாட்டுப் பொருள்களே, அவள் விளையாடும் பருவத்தைத் தானே முடித்துக்கொண்டாள் என்பதைத் தாய்க்குத் தெரிவிக்கின்றன.

379இல் ஐயம் மீள்கிறது. தன் தோழியரோடு கூடி நல்ல மணத்தைத் துய்ப்பதைவிட, களிறு திரியும் சோலை வழியே அவனோடு செல்வது அவளுக்கு இனிதாகுமோ என்று தாய் வினவுகிறாள். தாய் அவனை ஏன் ஏற்கவில்லை என்பதற்கான காரணம் இப்பத்தில் எங்கும் வெளிப்படையாக இல்லை. இங்கு அதற்கு மிக அண்மையில் வருகிறோம். அவனது குடி, செல்வம், ஒழுக்கம் ஆகியன பேசப்படவில்லை. மகளுக்குக் கிட்டாமற்போன மணவிழாவே பேசப்படுகிறது. இழப்பு மகளுடையதா தாயுடையதா என்பதும் தெளிவாக்கப்படவில்லை. 'அவளுக்கு இனிதாகுமோ' என்னும் வினாவில், 'எனக்கு இனிதாகவில்லை' என்பது தொக்கி நிற்கிறது.

இறுதிப்பாடல் (380) 'மன்ற' என்பதை இருமுறை ஆள்கிறது. தாய் என்னும் பெயரை மட்டுமே தான் உறுதியாகப் பெற்றதாகவும், மகளைக் கொடுத்தவர் உறுதியாக அவளது ஆயத்தாரே எனவும் அவள் கூறுகிறாள். இங்குக் 'கொடுத்தல்' வெறும் பொதுவினையன்று. கற்பு என்பதைக் கொடுத்தற்குரிய மரபினோர் கொடுப்பக் கொள்வதாக வரையறுக்கும் தொல்காப்பியக் கற்பியல், உடன்போகிய காலத்துக் கொடுப்போர் இன்றியும் கரணம் நிகழும் என்று விலக்கும் தருகிறது. மணத்துக்கு மகளை அளிக்கும் பெற்றோரின் தகுதியைக் குறிக்கும் சொல்லையே, அத்தகுதியை இழந்த தாய் எடுத்துத் தோழியருக்கு அளிக்கிறாள். இலக்கணம் 'கொடுப்போர் இல்லை' என்று கூறும் இடத்தில், 'இருந்தனர். அவர் நான் அல்லேன்' என்கிறாள் தாய். இச்சொல்லின் மரபுப்பொருளை அறியாத மொழிபெயர்ப்பு, தோழியர் உதவினர் என்றோ துரோகம் செய்தனர் என்றோ பெயர்த்துவிடும். இரண்டும் பாடலின் கூர்மையைத் தொடா.

'தாயர்' என்னும் பன்மையும் நோக்கத்தக்கது. நற்றாயும் செவிலியுமாகிய இருவரும் அதில் அடங்கலாம். ஈன்றவளையும் வளர்த்தவளையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழிகளில் இப்பன்மை பொருளற்றதாகத் தோன்றி ஒருமையாக்கப்படும். அவ்வாறாயின், இருவர் பகிர்ந்துகொண்ட தோல்வி ஒருத்தியின் தோல்வியாகச் சுருங்கிவிடும்.

இத்தோழியரில் ஒருத்திக்காகவே 378இல் தாய் இரங்கினாள் என்பதையும் மறக்கலாகாது. வௌவால் பறக்கும் மாலைப்பொழுதில், சென்றவளுக்காக நோவதைவிடத் துணையிழந்து அழும் இவளுக்காகவே நோவதாகக் கூறியவள், இரண்டு பாடல்களுக்குப் பின் ஆயத்தாரையே கொடுத்தவர் என்கிறாள். தொகுப்பு இவ்விரண்டனுள் எதையும் திருத்தவில்லை. 371இல் மகள் தெளிந்தது அறம் என்றவள், 376இல் அதனைக் கூட்டிய ஊழை அறமற்றது என்றதும் இத்தகையதே. கருத்தொருமை நாடும் உரையாசிரியர் இம்முரண்களைத் தீர்க்க முனையலாம். ஆயின் துயருற்றவர் பேச்சின் இயல்பு இம்முரண்களிலேயே உள்ளது.

'மன்' என்னும் இடைச்சொல்லுக்கு நற்றிணை 184 சிறந்த சான்று. ஆறுதல் கூறவந்த அயலாருக்கு விடையாக, தனக்கு ஒரே மகள் இருந்தாள் என்று நற்றாய் தொடங்குகிறாள். 'மன்' இங்குக் கழிவுப் பொருளது. மகள் உயிரோடிருக்கிறாள், உடையளாயிருந்த நிலையே கழிந்தது. இறந்தகால வினை ஒன்றால் மட்டும் இதனைப் பெயர்த்தால், மகள் இறந்துபட்டாள் என்று பிறமொழி வாசகர் மயங்குவர்.

5. பாவையும் விடலையும்

தாய்க்கும் மகளுக்கும் இடையிலுள்ள அடிப்படைப் பூசல், அவள் இன்னும் சிறுமியா என்பதே. 374ஆம் பாடல், முடியாகச் சேர்த்துக் கட்டும் அளவுக்கு வளராத கூந்தலையுடையவள் என்று மகளைக் குறிக்கிறது. 371இல் தானே தெளிந்தவள் எனப்பட்டவளும் இவளே. மகளின் தெளிவை ஏற்கும் தாயின் கண், அவளது கூந்தலின் நீளத்தை விட்டு அகலவில்லை.

375ஆம் பாடல் இதனைச் சொற்பொருள் அளவில் நிகழ்த்திக்காட்டுகிறது. தாய் வீட்டிலுள்ள பாவையையும் கிளியையும் பூவையையும் ஒவ்வொன்றாகக் காண்கிறாள். மகளையும் அதே பெயர்களால் சுட்டுகிறாள். என் பாவைக்கு இனிய பாவை, என் கிளி வளர்த்த கிளி என்னும் முறையில், ஒரே சொல் முதலில் மகளையும் அடுத்துப் பொருளையும் குறிக்கிறது. பொருள் இருக்கிறது, அதே பெயருக்குரிய மகள் இல்லை. பொம்மைக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல் வழங்காத மொழியில் இது இருவேறு சொற்களாகப் பிரியும். காணுந்தோறும் தாய் கலங்குவது ஏன் என்பதற்குரிய மொழிக்காரணம் அப்போது மறைந்துவிடும். கிளி ஒன்றிலேனும் இரட்டுறலைக் காத்து, ஏனையவற்றை அதன் வழிப்படுத்துதல் ஒரு தீர்வாகலாம்.

இளைஞனைத் தாய் பெயரிட்டுக் கூறுவதில்லை. காளை, மீளி, விடலை என்னும் பாலைக்குரிய தலைமக்கட் பெயர்களே வருகின்றன. இவற்றுள் 'விடலை' இன்றைய வாசகரை வழுவச் செய்யும் சொல். சங்க வழக்கில் அது வீரமும் வலிமையும் உடைய இளைஞனைக் குறித்தது. இன்று 'விடலைப் பருவம்' குமரப் பருவத்தையும், 'விடலைப் பையன்' பொறுப்பற்ற இளைஞனையும் குறிக்கும். 373இன் வசையைக் கேட்கும் இக்காலச் செவிக்கு, அச்சொல்லே வசையாக ஒலிக்கும். பாடலிலோ வசை அவன் தாயை நோக்கியது; அவனைக் குறிக்கும் சொல் பெருமைக்குரியதாகவே நிற்கிறது. தன் மகளைக் கொண்டுசென்றவனைப் பழிக்கும் இடத்திலும் தாய் மரபுப்பெயரைக் கைவிடவில்லை. மொழிபெயர்ப்பாளர் தம் காலத்துப் பொருளைப் பின்னோக்கி ஏற்றுவாராயின், இல்லாத ஏளனம் ஒன்று பாடலுள் நுழையும்.

6. குற்றமிலள்

மகளைச் சினத்திலிருந்து விலக்கும் இப்போக்கு ஐங்குறுநூற்றோடு நிற்பதன்று. நற்றிணை 143இல் தாய், மகள் வழுவில்லாதவள் என்று வெளிப்படையாகவே கூறுகிறாள். அவ்வாறாயின் வழு யாருடையது? அலர்தூற்றும் பெண்டிரின் பேச்சைக் கேட்ட சில நாளில், ஏதும் அறியாதவள்போல் இருந்து, உன் கூந்தல் நறுமணம் வீசுகிறது என்று மட்டும் மகளிடம் சொன்னதாக அவள் நினைவுகூர்கிறாள். சொல்லளவில் அது பாராட்டு. புதிய மணம் யாரால் வந்தது என்னும் வினா அதனுள் உள்ளது. அறிந்துகொண்டாள் என்பதை மகள் அறிந்துகொள்கிறாள், நீங்கிவிடுகிறாள்.

குறிப்புப்பொருள் பற்றி ஆராயும் மொழியியலாருக்கு இப்பாடல் ஒரு செம்மையான எடுத்துக்காட்டு. சொல்லப்பட்டது ஒன்று, உணர்த்தப்பட்டது ஒன்று, உணரப்பட்டது மற்றொன்று. தாய் கண்டிக்க நினைக்கவில்லை. ஒருவேளை காக்கவே நினைத்தாள். மகளோ காவலின் தொடக்கத்தை அதில் கேட்டாள். கோலால் அலைத்த அன்னையைத் தோழி உரைத்தாள். ஒரு மென்சொல்லால் மகளை இழந்த அன்னை தன்னைத் தானே உரைக்கிறாள். இரண்டாவதே கடினமான வாக்குமூலம்.

7. மறுதரவும் முடிவும்

ஐங்குறுநூற்றின் பாலை, தாயின் இரங்கலோடு முடிவதில்லை. இடைச்சுரத்து நிகழ்வுகளைக் கூறும் பத்தினை அடுத்து, இருவரும் மீளுதலைப் பற்றிய மறுதரவுப் பத்து (391–400) நூறினை முடிக்கிறது. 399ஆம் பாடலில், சிலம்புகழி நோன்பு அவன் மனையில் நிகழ்ந்தாலும் மணத்தையேனும் எம் மனையில் நிகழ்த்துக என்று அவனை ஈன்ற தாயிடம் சொன்னால் என்ன என நற்றாய் கேட்கிறாள். 373இல் சபிக்கப்பட்ட அதே தாயிடம் இப்போது வேண்டுகோள் செல்கிறது. ஆயினும் அவள் மகனைப் பொய்யில் வல்லவன் என்று கூறும் அடை இங்கும் உண்டு. 380இல் இழந்த 'கொடுக்கும்' உரிமையில் ஒரு பகுதியையேனும் மீளப்பெற முயலும் இத்தாய், சினத்தை முழுதும் விட்டாளில்லை.

காதலைப் போற்றிய சமுதாயம் என்று சங்ககாலத்தைப் புகழ்வது மேடைகளிலும் பாடநூல்களிலும் பெருவழக்கு. அப்புகழ்ச்சியில் மகட்போக்கிய தாய்க்கு இடம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், இறுதியில் மனம் மாறும் ஒருத்தியாகவே கிடைக்கிறது. பாடல்கள் இதனினும் நேர்மையானவை. மகளின் செயலை அறம் என ஏற்பதும், அதனால் நேர்ந்த புண்ணை ஆறாமல் வைத்திருப்பதும் ஒரே கூற்றாளரிடம் உடன் நிற்க அவை இடந்தருகின்றன. வியங்கோளின் எழுவாய், கொல்லும் மன்றவும் மாறிவரும் முறை, பெயரெச்சத்துள் மகள் பெறும் காப்பு, கொடுத்தல் என்னும் ஒரு வினையின் மரபுப்பொருள் ஆகியவற்றிலேயே இவ்விடம் அமைந்துள்ளது. ஆதலின், இப்பாடல்களைப் பிறமொழிக்கோ இக்காலத் தமிழுக்கோ கொண்டுசெல்வோர், தாய் என்ன சொன்னாள் என்பதோடு, யாரை எழுவாயாக்காமல் சொன்னாள் என்பதையும் கொண்டுசெல்லுதல் வேண்டும்.